எழுதாமல் விட்ட காய்ச்சல்

எங்கள் வீட்டுக்குள் காய்ச்சல் அளக்கும் கண்ணாடிக் குச்சி முதன்முதலாக வந்தது எண்பதுகளின் நடுவில். அதுவரை காய்ச்சல் என்றால் அக்காவின் புறங்கைதான். நெற்றியில் ஒரு தடவை, கழுத்தில் ஒரு தடவை வைப்பாள். "இருக்கு" என்பாள், இல்லாவிட்டால் "இல்ல" என்பாள். அதற்கு மேல் அளவு எங்களுக்குத் தேவைப்பட்டதில்லை.

அந்தக் குச்சியையும் கட்டம் போட்ட ஒரு நோட்டையும் எர்ணாகுளத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் என் கையில் கொடுத்தார்கள். வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நானும் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மலையாளம் எழுதுவேன். தமிழ், கம்பத்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் எழுதி எழுதிப் படிந்தது. இங்கிலீஷில் என் கையெழுத்து மட்டும் போடுவேன். நோட்டுக்கு எண்கள் எழுதத் தெரிந்தால் போதும் என்றார்கள்.

நோயாளி என் அக்காவின் கணவர். எழுபதுகளின் தொடக்கத்தில் அக்காவைக் கட்டியபோது மட்டாஞ்சேரிக்கு வந்து, பஜார் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் சாயாக்கடை போட்டவர். நான் அதே பஜாரில் ஒரு மிளகுக் கிடங்கில் வேலை பார்த்தேன். மூன்று பேரும் ஒரே வீடு. ஆறு குடும்பங்கள் வரிசையாக இருக்கும் லைன் வீடு அது, கோடியில் எல்லாருக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை. இவ்வளவு பயப்படுகிறவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று மச்சான் கேலி பேசுவார்.

அவர் சொன்னது பொய்யில்லை. நான் எதற்கும் பயப்படுகிறவன். கிடங்கைப் பூட்டிவிட்டுப் பாதி வழி வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். படகில் ஏறினால் பலகைக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்காமல் உட்கார மாட்டேன். அதனால்தான் ஒருநாள் காலையில், மச்சானுக்குப் பின்னால் கக்கூசுக்குப் போன நான், சரியாகத் தண்ணீர் ஊற்றாமல் விட்டிருந்த இடத்தில் சிவப்பைப் பார்த்தேன். வேறு யாராவது இருந்தால் யாரோ வெற்றிலை துப்பியது என்று போயிருப்பார்கள்.

கடைக்குப் போய் அவரிடம் கேட்டேன். சாயாவைத் தூக்கி ஆற்றிக்கொண்டே, "வெயில் சூடு. இளநி குடிச்சா சரியாயிரும்" என்றார்.

"எத்தனை நாளா?"

"நீ என்ன போலீஸா?"

"எத்தனை நாளா, மச்சான்?"

"ரெண்டு மாசம் இருக்கும். வலிக்கலடா. வலிக்காத ஒண்ணுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி?"

வலிக்காததுதான் மோசம் என்று காயலுக்கு அக்கரையில், எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மூத்திரப் பைக்குள் பூப்பூவாக ஒரு கட்டி வளர்ந்திருந்தது. வயிற்றைக் கிழிக்காமல், மூத்திரம் வரும் வழியாகவே குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். எடுத்ததைச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். அக்கா அன்று முழுக்க அடுப்பை மூட்டவில்லை. மச்சான் மட்டும், "சாயாக்கடைக்காரனுக்குச் சட்டியில அடிப்பிடிக்காம இருக்குமா? சுரண்டியாச்சுல்ல, விடு" என்று அவளைச் சமாதானம் செய்தார்.

பத்து நாள் கழித்து ஒரு டாக்டரம்மா எங்கள் மூவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். சின்ன வயசு. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பேசுவார். அவர் பேசியது மலையாளம்தான். என் மனசில் நின்றபடி தமிழில் எழுதுகிறேன்.

"கட்டியை எடுத்தாச்சு. ஆனா இந்த வகை திரும்பி வர்ற வகை. வராம தடுக்க ஒரு மருந்து உதவுமான்னு இங்க பரிசோதனை நடக்குது. உதவும்னு எனக்கு நிச்சயமாத் தெரிஞ்சிருந்தா எல்லாருக்கும் கொடுத்துருவேன். தெரியல. அதனால பாதிப் பேருக்குக் கொடுக்கறோம், பாதிப் பேருக்குக் கொடுக்காம பார்த்துக்கிட்டே வர்றோம். யாருக்கு எதுன்னு ஒட்டின கவருக்குள்ள இருக்கு. எனக்கும் தெரியாது."

மருந்து என்னவென்று கேட்டேன். குழந்தைகளுக்குக் கையில் குத்துகிற பி.சி.ஜி. என்றார். அது க்ஷயரோகத்துக்கான குத்து. அதற்குள் இருப்பது சோர்ந்துபோன க்ஷயக் கிருமிதான் என்று பள்ளிக்கூடத்தில் கையை நீட்ட வைத்தபோதே யாரோ சொல்லி, அந்த வருஷம் முழுக்க நான் இருமி இருமிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் விளக்கினார். "உடம்புக்குள்ள போலீஸ் இருக்கு. கான்சரை அது பெரும்பாலும் கண்டுக்கறதில்ல, வீட்டு ஆள்னு விட்டுருது. இந்தக் கிருமியைப் பைக்குள்ள விட்டா போலீஸ் ஓடி வரும். வந்த இடத்துல மத்த கள்ளனையும் பிடிக்கும்னு நினைக்கறோம்."

"எங்க பஜார்ல போலீஸ் வந்தா கள்ளன் ஓட மாட்டான், டாக்டரே. சாயாக்கடைக்காரன்தான் ஓடணும். ஓசிச் சாயா" என்றார் மச்சான். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து, சேர வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வேண்டாம் என்றாலும் இதே மாதிரிதான் பார்ப்போம் என்று இரண்டு தடவை சொன்னார். மச்சான் சேருகிறேன் என்றார்.

கவர் பிரிப்பதற்கு முந்தின நாள் நான் ஒரு காரியம் செய்தேன். கிடங்கிலிருந்து நல்ல மிளகாக ஒரு பொட்டலம் கேட்டு வாங்கிக்கொண்டு போய், வார்டில் இருந்த ஒரு ஊழியரிடம் மருந்து இருக்கிற கவராகப் பார்த்து எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டேன். எங்கள் பஜாரில் எதற்கும் ஒரு ஆள் உண்டு. அந்த மனுஷர் பொட்டலத்தை முகர்ந்து பார்த்து, "நல்ல மிளகு" என்று திருப்பிக் கொடுத்தார். "டாக்டரோட அப்பாவே இங்க நோயாளியாக் கிடந்தாலும் இதே கவர்தான், சேட்டா."

மறுநாள் மச்சானுக்கு மருந்து கிடைத்தது. அதே நேரத்தில் கவர் பிரித்த இன்னொருவருக்கு மருந்து இல்லை. அவருடைய மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். எங்களுக்குக் கிடைத்ததை யாரும் திரும்ப வாங்கிவிடக் கூடாது.

வாரத்துக்கு ஒன்றாக ஆறு தடவை மருந்து. புதன்கிழமைகளில் போவோம். குழாய் வழியாக மருந்தைப் பைக்குள் விடுவார்கள். இரண்டு மணி நேரம் மூத்திரம் போகாமல் அடக்க வேண்டும். மருந்து பை முழுக்கப் படுவதற்காகக் கால் மணிக்கு ஒரு தடவை மல்லாக்க, குப்புற, இடது பக்கம், வலது பக்கம் என்று புரண்டு படுக்க வேண்டும். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து, "இக்கா, திரும்பு" என்பார். முஸ்லிம் ஆட்களை அங்கே அண்ணன் என்று கூப்பிடுவது அப்படித்தான்.

"பொரோட்டாவைப் போடற மாதிரி போடறாங்க, மாப்ளே. எண்ணெய்தான் ஊத்தல" என்று மச்சான் முனகுவார்.

வீட்டுக்கு வந்தபின் அன்று முழுக்க ஒவ்வொரு தடவையும் நான் கக்கூசில் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும், உள்ளே போன கிருமி வெளியே வரும் என்பதற்காக. லைனில் இருந்த மற்றக் குடும்பங்களுக்கு நாங்கள் சொல்லவில்லை. பக்கத்து வீட்டம்மா ஒருநாள் அக்காவைப் பிடித்து, "உன் தம்பி தங்கமான பையன். புதனாழ்ச்சயானா கக்கூஸ் ஆஸ்பத்திரி மாதிரி மணக்குது" என்றாள்.

நோட்டில் காலையும் மாலையும் காய்ச்சல் எவ்வளவு, எரிச்சல் உண்டா, ரத்தம் உண்டா என்று எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் அப்படியே எழுதினேன். மாலையில் தொண்ணூற்றொன்பது வரை போகும், மறுநாள் இறங்கும். எரிச்சல் உண்டு. படகில் அக்கரையிலிருந்து வரும் அந்தச் சின்னத் தூரத்துக்குள் மச்சான் ஏறுகிற துறையிலும் இறங்குகிற துறையிலும் மூத்திரத்துக்கு ஓடுவார்.

மூன்றாவது புதன்கிழமை, வராந்தா பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கும்பளங்கியிலிருந்து அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தவள். செம்மீன் கெட்டு, அதாவது இறால் வளர்க்கிற வயல், வைத்திருக்கிற குடும்பம். அந்த அப்பச்சனும் மருந்து கிடைத்தவர்.

"உங்க ஆளுக்கு இன்னைக்கு எத்தனாவது?" என்று கேட்டேன்.

"நாலாவது. ஆனா இன்னைக்கு இல்லன்னு சொல்லிட்டாங்க. மூணாவது கழிஞ்சு காய்ச்சல் வந்துச்சு. நோட்டுல எழுதியிருந்தேன். டாக்டர் பார்த்தாங்க, வேண்டாம்னுட்டாங்க."

"நிறுத்தியாச்சா?"

"நிறுத்தியாச்சு" என்றாள். அதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டாள்.

அன்று மாலை மச்சானுக்கு நூறு புள்ளி எட்டு. குச்சியை விளக்குப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கட்டத்தில் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு என்று எழுதினேன்.

அதை எழுதும்போது தப்பு செய்கிற உணர்வு எனக்கு வரவில்லை. இதைச் சொன்னால் நம்புவது கஷ்டம்தான். என்னுடைய வேலை என்ன என்று சொன்னால் ஒருவேளை புரியும். கிடங்கில் நான் சாம்பிள் எடுக்கிறவன். இரும்புக் குழாயைச் சாக்கில் குத்தி, மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் மிளகு எடுத்துக் கலந்து, வாங்க வருகிறவனுக்குக் காட்ட வேண்டும். எடுத்ததை அப்படியே காட்டுகிறவன் எவனும் இல்லை. முறத்தில் ஒரு தட்டுத் தட்டிப் பதரை ஊதிவிடுவோம். ஈரம் இருந்தால் தகரத்தில் பரப்பி ஒரு மணி நேரம் வெயில் காட்டுவோம். அதற்குப் பிறகுதான் தட்டில் வைப்போம். அது பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை. சாம்பிள் என்றால் பொருளின் நல்ல முகம். இருபது வருஷம் அந்த வேலை செய்த கை, நோட்டைக் கண்டபோதும் அதையே செய்தது.

கவனமாகத்தான் செய்தேன். எல்லா நாளும் ஒரே எண் எழுதினால் சந்தேகம் வரும் என்று, தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு, நான்கு, ஆறு என்று மாற்றி மாற்றிப் போட்டேன். நான்காவது மருந்துக்குப் பிறகு நூற்றொன்று தாண்டியது, இரண்டு நாள் இறங்கவில்லை. ஐந்தாவது புதன்கிழமை காலையிலும் நூறு இருந்தது. ஆஸ்பத்திரியில் அவர்கள் குச்சியை வைத்துப் பார்ப்பார்களே என்று பயம் வந்தது. படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் மச்சானுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்தேன். ஈரத் துணியால் கழுத்தையும் அக்குளையும் துடைத்துவிட்டேன்.

"என்னடா இது, என்னை மாப்பிள்ளை மாதிரி ஜோடிக்கற?" என்றார். "எவ்வளவு இருக்கு?"

"கொஞ்சம் சூடு. அவ்வளவுதான்."

அவர் மேலே கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். அவர் என்னை நம்பினார். இவ்வளவு பயப்படுகிறவன் ஒரு விஷயத்தைக் 'கொஞ்சம்' என்று சொன்னால் அது ஒன்றுமில்லாததாகத்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

ஆஸ்பத்திரியில் அவர் உடம்பு குளிர்ந்திருந்தது. டாக்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, அதைத் தூக்கிப் பெஞ்சில் இருந்தவர்களிடம் காட்டினார். "ஒரு கட்டம் விடல, ஒரு அடித்தல் இல்ல. இப்படி எழுதணும்." பத்துப் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சூடாகி, குச்சியை எனக்கு வைத்திருந்தால் அன்று நூற்றைந்து காட்டியிருக்கும். ஐந்தாவது மருந்து உள்ளே போனது.

அன்று மாலை மச்சானுக்குக் குளிர் எடுத்தது. அக்கா இரண்டு போர்வை போர்த்தி, அதன் மேல் என் லுங்கியையும் போட்டாள். கட்டில் ஆடியது. நூற்றிமூன்று. மாத்திரை கொடுத்தால் வியர்த்து இறங்கும், நான்கு மணி நேரத்தில் திரும்ப ஏறும். அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும். கடையைத் திறக்கவில்லை. சோறு இறங்கவில்லை. கண்ணில் லேசாக மஞ்சள் தட்டியது போல எனக்குத் தோன்றியது, எனக்குத் தோன்றுவது எல்லாம் உண்மையாக இருப்பதில்லை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டு மூன்று தடவை குச்சியை அவர் அக்குளிலிருந்து எடுத்து, பார்க்காமலே உதறி டப்பாவில் போட்டுவிட்டேன். ஒரே ஒரு மருந்துதான் பாக்கி, புதன்கிழமை வந்துவிட்டால் முடிந்துவிடும், அதற்குப் பிறகு என்ன காய்ச்சல் வந்தாலும் சொல்லலாம். இதைத்தான் நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அக்கா மச்சானின் நெற்றியில் புறங்கையை வைத்தாள். பிறகு என்னிடம் வந்து நோட்டை நீட்டினாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

"இன்னைக்கு என்ன எழுதியிருக்க?"

நோட்டை வாங்கிப் பக்கத்தைத் திருப்பினேன்.

"படிச்சுச் சொல்லு."

"தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு."

"அது காய்ச்சலா, காய்ச்சல் இல்லையா?"

"இல்ல."

"நான் தொட்டா அடுப்பு மாதிரி இருக்கு. உன் கண்ணாடிக் குச்சிக்கு மட்டும் எப்படிடா குளிருது?"

எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன் என்றேன். அவள் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "நீ பயந்தது மருந்துக்கு. அங்க படுத்திருக்கறது மனுஷன்" என்றாள். "நீ போறியா, நான் போகவா? எனக்கு மலையாளம் ஒழுங்கா வராது. ஆனா போவேன்."

நான்தான் போனேன். அன்று படகில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கவில்லை.

டாக்டர் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். நோட்டை மேஜை மேல் வைத்தேன். "இதுல உள்ளது சரியில்ல, டாக்டரே. மூணாவதுக்கு அப்புறம் நான் எழுதினது எல்லாம் பொய். காய்ச்சல் இருந்துச்சு. இப்ப நூத்தி மூணு, ஆறு நாளா."

அவர் கையைத் துடைக்காமலே வந்தார். "ஆள் எங்க?"

"வீட்டுல."

"கூட்டிட்டு வா. இப்பவே. படகு வேண்டாம், வண்டி பிடி." அதற்குள் நர்ஸைக் கூப்பிட்டு ஒரு படுக்கை தயார் செய்யச் சொன்னார். நான் வாசலைத் தாண்டும்போது பின்னாலிருந்து கேட்டார், "எதுக்கு இப்படிச் செஞ்சே?"

நின்று சொன்னேன். கும்பளங்கிக்காரருக்குக் காய்ச்சல் வந்ததால் மருந்தை நிறுத்தியதைச் சொன்னேன்.

"யார் சொன்னது நிறுத்தியாச்சுன்னு? ரெண்டு வாரம் தள்ளி வச்சோம். காய்ச்சல் விட்டதும் திரும்பக் கொடுத்தாச்சு. போன வெள்ளிக்கிழமை அந்த அப்பச்சன் இங்கதான் குப்புறப் படுத்துக் கிடந்தாரு." கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உனக்குத் தெரியுமா? எல்லாருக்கும் கொஞ்சமாவது காய்ச்சல் வருது. வந்தா மருந்து வேலை செய்யுதுன்னு ஒரு அடையாளம்னு நினைக்கறோம். இவருக்கு மட்டும் மூணாவதுக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லையே, மருந்து பிடிக்கலையோன்னு பெரிய டாக்டர்கிட்டப் போய்க் கேட்டேன். உன் நோட்டைக் கொண்டு போய்க் காட்டித்தான் கேட்டேன்."

பஜாரில் ஒரு விஷயம் உண்டு. நாங்கள் ஊதித் துடைத்துக் காட்டுகிறோம் என்பது வாங்குகிறவனுக்குத் தெரியும். அவன் தட்டைப் பார்க்கும்போதே மனசுக்குள் கொஞ்சம் கழித்துவிடுவான். அதனால் யாரும் ஏமாறுவதில்லை. இந்த டாக்டர் ஒன்றையும் கழிக்கவில்லை. நான் எழுதிய எண்ணை எழுதியபடியே எடுத்துக்கொண்டு, அதை வைத்து ஒரு மனுஷனின் உடம்புக்குள் இன்னும் இரண்டு தடவை கிருமியை விட்டிருந்தார்.

டாக்ஸியில் வரும்போது மச்சானிடமும் சொன்னேன். தலையை அக்காவின் தோளில் சாய்த்திருந்தார். பாலம் தாண்டியபின், "அப்ப எனக்கு நிஜமாவே காய்ச்சலா?" என்றார். "நான் வயசாயிருச்சோன்னு நினைச்சேன்."

உள்ளே விட்ட கிருமி ரத்தத்தில் கலந்து ஈரல் வரைக்கும் போயிருந்தது. மஞ்சள் என் பிரமை இல்லை. க்ஷயரோகத்துக்குக் கொடுக்கிற மாத்திரைகளையே ஆரம்பித்தார்கள். முதல் நான்கு நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள். அந்த நான்கு நாளும் அக்கா கட்டிலுக்குப் பக்கத்திலும் நான் வராந்தாவிலும் இருந்தோம். அவள் என்னிடம் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பாள். ஐந்தாம் நாள் காலையில் வெளியே வந்து, புறங்கையை என் முன் நீட்டி, "இப்ப குறைஞ்சிருக்கு. போய்க் குச்சியை வச்சுப் பாரு" என்றாள். வைத்துப் பார்த்தேன். நூறு.

அந்த வாரக் கடைசியில் டாக்டர் என்னை அறைக்குள் கூப்பிட்டு நோட்டையும் சிவப்புப் பேனாவையும் கொடுத்தார். பக்கங்களைக் கிழித்துவிடலாமா என்று கேட்டேன்.

"கிழிக்கக் கூடாது. அழிக்கவும் கூடாது. நீ முதல்ல எழுதின எண் மேல ஒரே ஒரு கோடு போடு, அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியணும். பக்கத்துல நிஜமான எண்ணை எழுது. ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து."

"எங்களைப் பரிசோதனையிலிருந்து எடுத்துருவீங்களா?"

"கவர் பிரிச்ச அன்னைக்கே உள்ள வந்தாச்சு. இனி மருந்து கிடையாது, ஆனா உங்களைக் கணக்கை விட்டு எடுக்க முடியாது. நல்லா நடந்தவங்களை மட்டும் வச்சுக்கிட்டா இந்த மருந்து என்ன செய்யும்னு எப்படித் தெரியும்? மருந்து ஈரலுக்குப் போனதையும் எழுதணும். வீட்டு ஆள் மறைச்சதையும் எழுதணும்."

ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார். எல்லாம் இருந்தது. படுத்தபடி அந்த எண்களைத்தானே நான் நாள்தோறும் உருட்டிக்கொண்டிருந்தேன். எழுதிய பொய்கள்தான் மறந்துபோயிருந்தன. கோடு போடப் போகும்போது அவற்றைப் பார்த்து, இதையா எழுதினேன் என்று ஆச்சரியமாக இருந்தது. ஒவ்வொரு கட்டமாகத் திருத்திக்கொண்டே போனேன். பார்க்காமல் உதறிப் போட்ட அந்தக் கட்டங்கள் வந்தபோது பேனா நின்றது. டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு எண் இல்ல, டாக்டரே. நான் பார்க்கல."

"பார்க்கலன்னு எழுது."

மலையாளத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று இடத்தில்.

மச்சான் மாத்திரையைப் பல மாதம் தொடர்ந்து விழுங்கினார். உடம்பு தேறிக் கடையைத் திறந்தார். மூன்று மாதம் கழித்து, குழாய்க்குள் விளக்கு விட்டுப் பையைப் பார்த்தார்கள். சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

நான் கேட்டேன், "அந்த மருந்தாலயா?"

"தெரியல."

"ஆறுல அஞ்சு உள்ள போச்சே."

"சுரண்டினதுலயே சரியாகிற ஆளாகவும் இருக்கலாம். ஒருத்தரை வச்சு எனக்குச் சொல்ல முடியாது. எல்லாரும் முடியட்டும். வருஷக்கணக்காகும்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஐந்து வாரம் நான் பயந்ததற்கும் அதனால் அவர் சாகக் கிடந்ததற்கும் அந்த மருந்து உண்மையிலேயே ஒரு நல்ல மருந்தாகவாவது இருந்தது என்று யாராவது சொன்னால் தேவலை என்று இருந்தது. டாக்டர் சொல்லவில்லை. தெரியாத ஒன்றைத் தெரியும் என்று என் நிம்மதிக்காகச் சொல்ல அவருக்கு வராது என்பது அப்போது எனக்குப் புரிந்தது. மரியாதை கூடியது. நிம்மதி வரவில்லை.

சோதனை செய்த அன்று மாலை மச்சானுக்கு உடம்பு லேசாகச் சுட்டது. குச்சி வைத்தேன். தொண்ணூற்றொன்பது புள்ளி நான்கு. அப்போது நோட்டு எதுவும் கிடையாது, யாரும் எழுதச் சொல்லவும் இல்லை. கடையில் பலகாரம் கட்டும் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு, காலையில் முதல் படகில் அக்கரைக்குப் போனேன். டாக்டர் வாங்கிப் படித்துவிட்டு, குழாய் விட்டால் ஒருநாள் இவ்வளவு இருக்கும், இதற்கெல்லாம் வர வேண்டாம் என்றார். தெரியும் என்றேன். எண்ணெய் பட்ட அந்தக் காகிதத்தைத் துளை போட்டு ஃபைலில் கோத்து வைத்தார்.

திரும்பி வந்தபோது மச்சான் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்தார். கடையில் நாலு பேர் இருந்தார்கள்.

"எங்க போன? நான் உயிரோட இருக்கேனான்னு கேக்கவா?"

"ஆமா."

"என்ன சொன்னாங்க?"

"இப்போதைக்கு இருக்கீங்களாம்."

"அப்ப அந்த கிளாஸையெல்லாம் எடுத்துக் கழுவு" என்றார்.